முந்நூறு மில்லி விநாடி

பிப்ரவரி 11

காலையில் மடிக்கணினியைப் புதுப்பித்தேன். ஒன்பது மணிக்குள் வேலை நின்றது. பிரெயில் பலகை (விசைப்பலகைக்குக் கீழே வைத்துக்கொள்வது, திரையில் உள்ள எழுத்தைப் புள்ளிகளாக உயர்த்தும்) ஒரு வரி காட்டுகிறது. யோசிக்க நான் சற்று நிறுத்தினால் அப்படியே உறைந்துவிடுகிறது. பிடுங்கிச் செருகினால் இன்னொரு வரி.

திரையைப் படித்துச் சொல்லும் குரல் இருக்கிறதே என்றார் துளசி மேடம். இந்த பிரெயில் அச்சகம் அவருடையது. குரல் இருக்கிறது, சரி. ஆனால் 'மனம்', 'மணம்' இரண்டும் அந்தக் குரலில் ஒன்றுதான். எட்டாம் வகுப்புப் பாடநூலுக்கு மெய்ப்புப் பார்ப்பவள் காதை நம்பினால், பிள்ளைகள் தவறான எழுத்தைத் தடவிப் படிப்பார்கள்.

மதியம் பழைய கர்னலில் துவக்கிப் பார்த்தேன். பலகை ஒழுங்காக ஓடியது. அப்படியானால் கோளாறு கருவியில் இல்லை. இயங்குதளத்தில் கருவிகளோடு நேராகப் பேசும் அந்த அடிப்பகுதியில்தான், கர்னலில்தான்.

பிப்ரவரி 13

"பழசு நல்லாதானே ஓடுது பிரவீனா, அதையே வெச்சிக்க" என்றார் என் வீட்டுக்காரர் சந்தோஷ். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாலையில் தென்னேரியிலிருந்து மகாவீர் பேசினான். அவனுக்கும் பார்வை இல்லை. வீட்டிலிருந்தபடி இதே வேலை, இதே பலகை. அவனுடைய மடிக்கணினி புதியது, பழைய கர்னலில் அது துவங்கவே துவங்காது.

"அப்பா கடைக்கு வாடான்னு கூப்டுக்கினே இருக்காருக்கா. போயிடலாம்னு பாக்கறேன்."

கொஞ்சம் பொறு என்றேன். எதை நம்பிச் சொன்னேன்?

பிப்ரவரி 21

கல்லூரியில் சி மொழி படித்தேன். சின்னச் சின்ன நிரல்கள் எழுதுவேன். கர்னலைத் தொட்டதில்லை. அது யூனிக்ஸ் வழியில் வந்தது, மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் தினமும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். பேச்சு எல்லாம் மின்னஞ்சல் பட்டியலில். படம் இல்லை, பொத்தான் இல்லை, வெறும் எழுத்து. எனக்கென்றே வைத்த இடம் மாதிரி இருக்கிறது.

கோளாறை எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 27

பதில் வந்துவிட்டது. கர்னலில் அந்தப் பகுதியைக் கவனித்துக்கொள்பவர் எஸ்டோனியாவில் ஒரு பெண். எந்த மாற்றம் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறார். பழையதற்கும் புதியதற்கும் நடுவே பதினாலாயிரம் மாற்றங்கள். அவற்றில் முதல் பாதியை மட்டும் சேர்த்து, மூலநிரலிலிருந்து ஒரு கர்னலைக் கட்டிப் பார்க்க வேண்டும். பலகை ஓடினால் குற்றவாளி பின்பாதியில், உறைந்தால் முன்பாதியில். மறுபடி பாதி. பதினாலு தடவையில் முடியும். ஒரு தடவை கட்ட என் மடிக்கணினிக்கு இரண்டு மணி நேரம்.

மார்ச் 8

ஐந்தாவது கர்னல் துவங்கவே இல்லை. குரலும் வரவில்லை. ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்த சந்தோஷைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

"இன்னா எழுதியிருக்குது, படிங்கபா."

ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். நடுவில் நிறுத்தி, "பேனிக்னு போட்டுக்கினு நின்னுடுச்சு. நம்மளுக்கு முன்னாடி அதுவே பயந்துக்கிச்சு" என்றார். சோறு ஆறிப்போனது. அப்படியும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மார்ச் 12

ஒன்பதாவதில் தெரிகிறது, ஆறாவதைத் தவறாகக் குறித்திருக்கிறேன். திரும்ப ஆறிலிருந்து.

மார்ச் 20

கிடைத்துவிட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யாரோ நல்லெண்ணத்தில் செய்த மாற்றம். இரண்டு விநாடி சும்மா இருக்கும் கருவியைத் தூங்க வைக்கிறது. எங்கள் பலகை தூங்குகிறது, எழுவதில்லை.

அந்த மாற்றத்தை நீக்கிவிடுங்கள் என்று எழுதினேன்.

மார்ச் 24

முடியாதாம். பல கோடிக் கணினிகளில் மின்கலம் நீடித்து வருகிறது. உங்கள் கருவிக்கு மட்டும் ஒரு வழி எழுதி அனுப்புங்கள் என்கிறார் எஸ்டோனியப் பெண்.

நானா?

ஏப்ரல் 6

எழுதினேன். எங்கள் பலகையைத் தூங்கவே விடாத ஒரே ஒரு வரி. அதற்கு விளக்கம் இருபது வரி. அனுப்பிய பத்தாவது நிமிடம், பட்டியலுக்கு வருவதைச் சோதிக்கும் ஓர் இயந்திரம் திருப்பி அனுப்பியது: வரித்தொடக்கத்தில் இருக்க வேண்டிய 'டேப்' எல்லாம் வெற்றிடங்களாகிவிட்டன. என் மின்னஞ்சல் செயலியின் வேலை. வேறு செயலி போட்டு மறுபடி அனுப்பினேன்.

ஏப்ரல் 9

பட்டியலில் யாரோ ஒருத்தர், இதை ஒரு சிலர்தானே பயன்படுத்துகிறார்கள், பிடுங்கிச் செருகினால் போதாதா என்று கேட்டிருக்கிறார். பிடுங்கிச் செருகணுமாம். வரிக்கு ஒரு தரம். பக்கத்துக்கு முப்பது தரம். அவரு வரிக்கு ஒரு தரம் ஸ்கிரீனை அணைச்சிப் போடுவாரா? பதில் எழுதினேன், அழிச்சேன். மறுபடி எழுதினேன், அதையும் அழிச்சேன். இவங்க நடுவுல நான் யாரு — விட்டுடலாமா?

ஏப்ரல் 10

எஸ்டோனியப் பெண் அவருக்குப் பதில் போட்டிருக்கிறார். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் கெடுத்தது நாம், எத்தனை பேர் என்பது கேள்வியே இல்லை. இரண்டே வரி. அந்த இரண்டு வரியையும் மூன்று தடவை தடவிப் படித்தேன்.

கீழே எனக்கு ஒரு கேள்வி: கருவி எழவே இல்லையா, தாமதமாக எழுகிறதா? அளந்தீர்களா?

அளக்கவில்லை.

ஏப்ரல் 26

எழுகிறது. இருநூற்றெழுபது மில்லி விநாடியில் எழுகிறது. கர்னல் அதற்கு முன்பே கைவிட்டுவிடுகிறது, அவ்வளவுதான். என் வரியை மாற்றினேன்: தூங்கட்டும், எழுப்பும்போது முந்நூறு மில்லி விநாடி பொறு. சோதனைக்கு மட்டும் ஒரு கர்னலைக் கட்டி மகாவீருக்கு அனுப்பினேன். அவன் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தான். 'சோதித்தவர்' என்று அவன் பெயரையும் சேர்த்து அனுப்பினேன்.

மே 6

ஏற்றுக்கொண்டார்கள்.

மே 13

கருட சேவைக் கூட்டம். ஆட்டோ போக வழியில்லை, வீட்டிலிருந்தே வேலை. அறுபத்திரண்டு பக்கம்.

மே 28

மகாவீருக்குப் புதுப்பிப்பு வந்து சேர்ந்தது. யாரும் வந்து எதையும் சரிசெய்யவில்லை, எல்லாருக்கும் வருவது போலத் தானாக வந்தது. கடைசிப் பாடத்தை முடித்து மாலையில் அனுப்பிவிட்டான். "அப்பா கிட்ட வரலன்னு சொல்ட்டேன்" என்றான். நூல் நாளை அச்சுக்குப் போகிறது.

ஆகஸ்ட் 19

காலையில் ஒரு மின்னஞ்சல். பெரு நாட்டுக்காரர், கர்னலுக்கு முதன்முறையாக எழுதுகிறாராம். கருவிகளை எழுப்பும் நிரலை மொத்தமாகச் சீர்படுத்தியிருக்கிறார். யாரிடம் கேட்க வேண்டும் என்று பட்டியல் தரும் நிரல் என் பெயரைக் கொடுத்ததாம். தவறு இருந்தால் மன்னிக்கவும், நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார். அதற்கும் கீழே எஸ்டோனியப் பெண்ணின் குறிப்பு: பிரவீனா பார்த்த பிறகு சேர்த்துக்கொள்கிறேன்.

நல்ல வேலை, சுத்தமாக எழுதியிருக்கிறார். ஒரே இடத்தில், கருவி பதில் தராதபோது நிரல் பிழையைச் சொல்லாமல் திரும்பிவிடுகிறது. அதை முதலில் சொன்னால் பயந்துவிடுவார். நன்றாக இருப்பதை முதலில் எழுதினேன்.

சந்தோஷ் வாசலில் ஹார்ன் அடித்தார்.

"பத்து நிமிஷம் இருங்கபா," என்றேன், "ஒருத்தரு காத்துக்கினு இருக்காரு."