மாஃபியை மன்னித்த காலை

கலோலைனி,

இன்று அதிகாலை நான் பக்கத்து வீட்டு மாஃபியை முழு இருதயத்தோடு மன்னித்துவிட்டேன். அவருடைய பன்றியை அவிழ்த்துவிட ஈரப்பலா மரத்தடிக்குப் போகும்வரை அந்த மன்னிப்பு நன்றாகவே இருந்தது.

நம் வள்ளிக்கிழங்கைத் தோண்டியது என்று மூன்று நாளாக அதைக் கட்டிவைத்து, வேலியோரம் நின்று அவரைத் திட்டியும் தீர்த்தேன். "உபதேசியாரே, அது யாரு பன்னின்னு அதுகிட்டயே கேளுங்க" என்று சிரித்தார் மனிதர்.

நேற்று நீயும் சொன்னாய்: "பிரசங்க மேடை ஏறுறதுக்கு முன்னாடி மாஃபி வீட்டுப் படி ஏறுங்க. மொதல்ல சமாதானமாகு, அப்புறம் காணிக்கை வைன்னு இயேசு சொன்னது சபைக்கு மட்டுமா?" நானோ இன்றைய பிரசங்கத்தை உரக்க ஒத்திகை பார்த்தேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

விடியற்கால ஜெபம் முடிந்து நீ வரும்போது நான் அவர் வீட்டில் இருப்பேன். மரியாதைக்கு இடுப்பில் சுற்றும் பாயும் கட்டியிருக்கிறேன். மண்ணடுப்பில் சேம்பிலைப் பொதிகள் வெந்துகொண்டிருக்கின்றன. தேங்காய்ப்பால் கூடுதலாக விட்ட பெரிய பொதி மாஃபிக்கு. ஆராதனை முடிந்ததும் சாப்பிடக் கூப்பிடப்போகிறேன். வருவார் என்றுதான் தோன்றுகிறது.

பிரசங்கத் தாளைக் கோவிலுக்கு எடுத்து வா. பிறர் குற்றத்தை நாம் மன்னிப்பது பற்றிய நான்கு பக்கங்களைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். சபை சந்தோஷப்படும்.

லோபெதி

பி.கு.: வெளிச்சத்தில் பன்றியின் காதைப் பார்த்தேன். வெட்டுக்குறி நம் வீட்டுடையது.