சூடு படாத சுருட்டை

என் செல்லச் சுப்பு,

உன் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உன் நாத்தனார்கூடப் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள் என்றால் சாப்பாடு எப்படி என்று புரிந்துகொள். மற்ற சேதிகள் இருக்கட்டும். அக்கா இன்றைக்குத் தலைமுடிக் கதையைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

வரவேற்பன்று சுருட்டை முடியோடு நிற்க வேண்டும் என்று உன் மகேசுக்கு ஆசை. அது யாருடைய ஆசை என்று உனக்குத் தெரியாதா? சின்ன வயதில் என் முடியைப் பிடித்து இழுத்து, "சாமி ஒனக்குச் சுருட்டையக் குடுத்துட்டு எனக்குக் கோரைப்புல்லக் குடுத்துருக்கு" என்று அழுதவள் நீ. உன் கோரை முடிதான் அவளுக்கும், இடுப்பைத் தாண்டி. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிற வேலை அவளுக்கு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பின்னல் நாற்காலிக்குப் பின்னால் தொங்கும்.

சாத்தூரில் ஒரு பார்லருக்கு இரண்டு பேரும் போனோம். அங்கே இருந்த பெண் தங்கமான பெண். பின்னலை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "நுனி வறண்டு கெடக்குக்கா. சுருட்டுற மிஷின் சூடு பட்டா கருகிரும். ஒரு முழம் வெட்டிவிட்டுட்டா மேல நல்லா வரும்" என்றாள். மகேசு முடியை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வேண்டாம்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

பஸ்ஸில் நான் என் வழக்கப்படி உதாரணம் சொன்னேன். "புதினாவக் கிள்ளுனா தழையாதா? முடியும் அப்படித்தான்டி. வெட்டுனா வளரும்."

"எங்கன இருந்து வளரும் பெரியம்மா?"

"வேர்ல இருந்து."

"அப்ப நுனிதான பழசு? அம்மா போயி மூணு வருசம். வருசத்துக்கு அரையடின்னு வச்சாலும், மேல இருக்கிற ஒரு முழம்தான் புதுசு. அதுக்குக் கீழ எல்லாம் அம்மா எண்ணெய் வச்சுச் சீவுன முடி. நீங்கதான பாடம் எடுத்தீக?"

நான்தான் எடுத்தேன். ஏழாம் வகுப்பில், கரும்பலகையில் முடியின் வேரைப் படம் வரைந்து எடுத்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். ஒருவருக்கும் அந்தப் பாடம் இப்படிப் புரிந்ததில்லை. எனக்குமே புரிந்ததில்லை. இறங்கும்போது தீர்மானித்துவிட்டேன். முடியில் சூடு படக்கூடாது, ஒரு நூல்கூடக் குறையக்கூடாது. ஆனால் பிள்ளை ஆசைப்பட்ட சுருள் விழ வேண்டும்.

இதைக் கேட்டதும் உன் வீட்டுக்காரர் கருப்பசாமி மறுநாளே பட்டாசுக் கம்பெனியிலிருந்து பை நிறையக் காகிதக் குழாய் கொண்டுவந்தார். வெடிக்கு உருட்டுகிற வெறும் குழாய், மருந்து ஏறாதது. "எதுக்கு மதினி கவலைப்படுறீக? உருட்டுறது நமக்குப் பழகுன வேலை. குழாய உருட்டுற கை முடிய உருட்டாதா?" என்றார்.

ஈரத் தலையில் வரிசையாகச் சுற்றினோம். குழாயை ஒட்டியிருப்பது மைதாப் பசை என்று எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நாளெல்லாம் பசையில் கை வைத்துப் பிழைக்கிற வீடு, சுப்பு! ஈரத்தில் பசை இளகி, காகிதம் பிரிந்து, காயக் காய முடியோடு இறுகிவிட்டது. உன்னோடு வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் தீப்பெட்டியோட இங்கிட்டு வந்துராதீக" என்றாள். கருப்பசாமி பதறிப்போய்க் கத்திரிக்கோலை எடுத்து வந்தார்.

"அப்பா, அங்கனயே நில்லுங்க" என்றாள் மகேசு. அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, விரலாலேயே காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுத்தோம். நுனி தப்பியது. பழைய வேட்டித் துணியால் அவள் தலையைத் துவட்டும்போதுதான் உன் கொண்டை ஞாபகம் வந்தது.

இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று பட்டாசுக் கம்பெனி வாசலிலேயே ஹேர்பின்னைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள். அதனால் நீ வேட்டித் துணியை நாடாவாகக் கிழித்து, காலையில் ஈரம் உலராத முடியை அதோடு சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு போவாய். சாயங்காலம் வேனை விட்டு இறங்கி வந்து அவிழ்த்தால் அலை அலையாக விழும். கண்ணாடி முன்னால் நின்று, "இன்னிக்கு நானும் ஒன்ன மாதிரிக்கா" என்பாய். விடை உன் தலையிலேயே இருந்திருக்கிறது. நாங்கள் ஊரெல்லாம் தேடினோம்.

வரவேற்பன்று காலையில் சீயக்காய் தேய்த்துக் குளித்தாள். ஈர முடி ரப்பர் போல நீளும், பிறகு அறும். அதனால் சீப்பைத் தொடவிடாமல் ஃபேன் காற்றில் முக்கால் பங்கு உலர்த்தினேன். பிறகு நுனியிலிருந்து சிக்கெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, துணி நாடாவில் நுனியைச் சுற்றி மேல் நோக்கிச் சுருட்டி, வலிக்காமல் முடிச்சுப் போட்டேன். தலை நிறைய வெள்ளை முடிச்சுகளோடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். உன் சம்பந்தியம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார்.

"என்ன, பொண்ணு தலையில கட்டு? எங்கயும் விழுந்துட்டாளா?"

"இல்ல மதினி, சரவெடி காயப்போட்டுருக்கோம்" என்றாள் பேச்சியம்மா. சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு அந்த வீட்டின் மேல் நம்பிக்கை வந்தது.

சாயங்காலம் முதல் முடிச்சை அவிழ்த்தேன். சுருள் துள்ளிக்கொண்டு விழுந்தது, சுப்பு. அடுத்ததும் விழுந்தது. உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் தடவி, விரலாலேயே கோதிவிட்டேன். கருப்பசாமி வந்து பார்த்தார். "பந்தியப் பாத்துட்டு வந்துருறேன் மதினி" என்று போய்விட்டார். அப்போது பந்தியே போட்டிருக்கவில்லை.

மேடையில் கூட்டம் குறைந்த பிறகு மகேசு என்னைக் கூப்பிட்டு முதுகைக் காட்டினாள். "இன்னும் நிக்குதா பெரியம்மா?" மேலே இருந்த புது முடி தளர்ந்து நேராகியிருந்தது. கீழே, ஒரு முழத்துக்கு அப்பால், உன் முடி மட்டும் அப்படியே சுருண்டு நின்றது. "ஒங்கம்மாதுதான் நிக்குது" என்றேன். அவள் முடியை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையிடம் காட்டப் போனாள். இதை நீ எங்கிருந்தாவது பார்த்தாயா?

வருகிற தீபாவளி அவளுக்குத் தலைத்தீபாவளி. மாப்பிள்ளையோடு நம் வீட்டுக்குத்தான் வருவாள். அந்த நுனியை வெட்டலாம் என்று அவளுக்கே ஒரு நாள் தோன்றலாம். அதை அவள் பார்த்துக்கொள்ளட்டும். உன் இடத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் உட்கார்ந்திருப்பேன். உச்சியில் மூன்று சொட்டு வைத்து ஒப்பேற்ற மாட்டேன். நீ இருக்கிற இடம் வரைக்கும் கொண்டுபோய்த் தேய்ப்பேன்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
உனக்கு என்றைக்கும் அக்கா,
காளியம்மாள்