உன் புள்ளியின் விலாசம்

இன்று காலை சர்வே அட்டையை எடுத்தபோது அதில் இன்னும் உன் கறுப்பு ரப்பர் பேண்ட் இருந்தது. தங்கச் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் தாள் பறக்கிறது என்று நீதான் அதை மாட்டிவிட்டாய். "முடிதான் கொட்டிப் போச்சே, இனிமே இது தாளுக்கு ஒதவட்டும்" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வசதி குறைந்த தெருக்களில் புற்றுநோய் அதிகமா என்று கண்டுபிடிப்பதுதான் நம் இருவருக்கும் வேலை. குழாய் வீட்டுக்குள்ளா வெளியிலா, கழிப்பறை தனியா பொதுவா, ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்றெல்லாம் நீ வீடு வீடாகக் கேட்டு வருவாய். அதை வைத்துத் தெருவுக்கு மதிப்பெண் போடுவோம். ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பட்டியலில் உள்ள விலாசங்களில் நான் கம்ப்யூட்டரில் சிவப்புப் புள்ளி வைப்பேன். இல்லாமை கூடக் கூடப் புள்ளியும் கூடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் நந்திதுர்க் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் புள்ளியே இல்லை.

எனக்கு ஒரே குஷி. களி தின்பதாலா, நடந்தே திரிவதாலா என்று காரணம் தேட ஆரம்பித்துவிட்டேன். நீ படத்தை உற்றுப் பார்த்தாய். "கடைக்கார வூட்டுப் பொண்ணே, எங்க லைன்ல சாவு மேளம் கேக்காத மாசம் இல்ல. ஒன் படத்துல மட்டும் எல்லாரும் நல்லா கீறாங்களே, அது எப்பிடி?"

அந்த 'எப்பிடி'க்காகத்தான் இருவரும் கிளம்பினோம். சுரங்கத்தில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தொண்டையில் புற்று வந்து பிழைத்தவர், பெங்களூர் ஆஸ்பத்திரியில், அங்கேயே இருக்கும் மகள் வீட்டு விலாசத்தைக் கொடுத்தாராம். யாரும் அப்படிக் கொடுக்கச் சொல்லவில்லை. வெளியூர்க்காரன் என்றால் நாளைக்கு வா என்பார்களோ என்று அவருக்கு ஒரு பயம். அடுத்த வீட்டில் மகன் விலாசம், அதற்கடுத்த வீட்டில் அக்கா விலாசம். ஒருவர் பெங்களூரில் கூட வேலை பார்க்கும் நண்பரின் விலாசத்தைக் கொடுத்திருந்தார். லைனில் இருக்க வேண்டிய புள்ளிகளெல்லாம் பெங்களூர் அபார்ட்மெண்டுகளில் குடியிருந்தன. "சீக்கு வந்தா மட்டும் எல்லாரும் பெங்களூர்க்காரங்க" என்றாய்.

அன்றே படிவத்தின் அடியில் பேனாவால் ஒரு கேள்வியைச் சேர்த்தாய்: "சீக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க படுத்துத் தூங்கினீங்க?" இப்படியா கேட்பார்கள், கொஞ்சம் திருத்தமாக எழுது என்றேன். நீ மாற்றவில்லை. அதை வீடு வீடாகக் கேட்கும் முன்பே உனக்குச் சீக்கு முற்றிவிட்டது.

நீ கண் மூடிய பிறகு வந்த புதுப் பட்டியலைப் போன வாரம் ஏற்றும்போது அதில் உன் பெயர் வந்தது. விலாசம், பெங்களூரில் உன் தம்பியின் அபார்ட்மெண்ட். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எல்லாம் தெரிந்த நீயுமா?

புள்ளியை நகர்த்த வேண்டுமென்றால் நேரில் போய் வீட்டுப் படிவம் எழுத வேண்டும். அப்போதுதான் உறைத்தது, உன் வீட்டுக்குள் நான் கால் வைத்ததே இல்லை. இத்தனை வருஷமும் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெரு முனையிலேயே வந்து நிற்பாய். நீ எதுக்கு அலையணும் என்பாய். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஊரில் எந்தத் தெருவுக்கு என்ன மதிப்பெண் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஒரே டப்பாவில் சோறு தின்ற உனக்கு என்ன மதிப்பெண் என்று தெரியாது. வெட்கமாக இருந்தது.

வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை உன் வீட்டுக்காரர் எனக்குப் போட்டார். குழாய், வீட்டு வரிசையின் கடைசியில். கழிப்பறை நாலு வீட்டுக்கும் பொது. கூரை தகரம். அறை ஒன்று. நான் பேனாவை மூடப் போனேன். "கேளுங்க, அவளும் எல்லார் வூட்லயும் இப்பிடித்தான கேட்டா" என்றார் அவர். தம்பி விலாசத்தைப் பற்றியும் கேட்டேன். நாளைக்கு வா என்பார்களோ என்ற அதே பயம்தான் உனக்குமாம். ஆஸ்பத்திரியில் எழுதும்போது, "நானும் அதையேதான் எழுதுறேன் பாரு" என்று அவரைப் பார்த்துச் சிரித்தாயாம். என் கோபம் அங்கேயே போய்விட்டது.

கடைசியாக உன் கேள்வியைக் கேட்டேன். அவர் கதவோரம் காட்டினார். "இங்கதான். காத்து வரும்னு இந்த எடத்த வுடவே மாட்டா."

சாயங்காலம் உன் புள்ளியைத் தம்பி வீட்டிலிருந்து எடுத்து லைனில் வைத்தேன். காலியாகக் கிடந்த இடத்தில் அது ஒன்று மட்டும் நிற்கிறது. மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கொண்டுவர வேண்டும். அதற்கு வீடு வீடாகப் போக வேண்டியது இனி நான்தான். படிவத்தில் உன் கேள்வியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் முதலில் போட்டுவிட்டேன். அதை வாசலில் நின்று கேட்க மாட்டேன், உள்ளே போய் உட்கார்ந்துதான் கேட்பேன்.