முதல் குரலுக்கே

அன்புள்ள சின்னம்முவுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான், வழக்கமாக எழுதித் தரும் பக்கத்து வீட்டுத் தையற்காரர் இல்லை. எழுத்துகள் கோணல்மாணலாக நிற்கின்றன, வரி ஏறி ஏறி இறங்குகிறது. பொறுத்துக்கொள். கோடரி பிடித்த கைக்குப் பேனா கனக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரே சந்தோஷம். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, சோப்பு உறை, எதையும் படிக்காமல் விடுவதில்லை. "உங்களோட கடைக்குப் போனா விடிஞ்சுடும்" என்று அம்மா அலுத்துக்கொள்கிறாள்.

முதியோர் வகுப்பில் பாடம் முடிந்ததும், என் மகள் எழுதிய புத்தகத்தைப் படிக்கலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். குழந்தைகள் கதைதானே, தாராளமாகப் படியுங்கள் என்றார். தினம் ஒரு பக்கம், விரல் வைத்து, சத்தமாகப் படித்தேன். அம்மா சுவரில் சாய்ந்து கேட்டாள்.

காட்டில் தொலைந்துபோன ஒன்பது வயதுப் பெண். பெயரை மாற்றியிருக்கிறாய். இடது கைக்காரி, தூக்கத்தில் பல்லைக் கடிப்பவள் என்று எழுதிவிட்டு, பெயரை மாற்றி என்ன? உன் அக்கா பெரியம்மு விறகு பொறுக்கப் போய்த் திரும்பாத அன்று நீ தொட்டிலில் இருந்தாய். நாங்கள் சொல்லிச் சொல்லித்தான் அவளை உனக்குத் தெரியும்.

அம்மா அதைக் கதையாகக் கேட்கவில்லை. ஊரிலிருந்து வந்த சேதிபோல, "இன்னிக்காவது ஏதாவது தின்னாளா?" "நனைஞ்சிருப்பாளே, தலைய துவட்டினாளா?" என்பாள். இது புத்தகம்டி என்றால், "எனக்குத் தெரியாதா, மேல படிங்க" என்பாள். அந்தப் பெண் அழுகையை நிறுத்தி, ஓடைக்கரையில் கல் அடுக்கித் தீ மூட்டியபோது கைதட்டினாள். கவுன் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது என்று நீ எழுதிய இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னாள். "வளந்துட்டாளா!" என்றாள். இத்தனை வருடமும் எங்களுக்கு அவள் வளரவே இல்லை.

எங்கள் மரவெட்டுக் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காட்டில் யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தடவைதான் பதில் கொடுக்க வேண்டும். ஒன்றிரண்டோடு நிற்பது மனிதக் குரல் இல்லை என்று பயம். பிள்ளைகளையும் அப்படித்தான் பழக்கியிருந்தோம். அவளைத் தேட வந்த வெளியாட்களுக்கு அது தெரியாது. ஒரு குரல் கொடுப்பார்கள், அடுத்த மேட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். நான் மும்மூன்று தடவை கூப்பிட்டேன். நான் போன பக்கம் அவள் இல்லை.

உன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் குரலைக் கேட்டு நடுங்குகிறாள். அப்பா சொன்னதை நினைக்கிறாள். பிறகு தானே முடிவெடுத்து, முதல் குரலுக்கே "இங்க இருக்கேன்" என்று கத்திவிடுகிறாள். வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

அம்மா அழவில்லை. எழுந்து போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து போட விடுவதில்லை. சாப்பிட மூன்று தட்டு வைக்கிறாள். நேற்று இருட்டும் நேரம் கொல்லையில் நின்று, "பெரியம்மு" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுக் காது கொடுத்து நின்றாள். சிரிக்காதே, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

எப்படியாவது லீவு போட்டுவிட்டு வா. உன்னைப் பார்த்ததும் அம்மா வாயில் அவள் பெயர்தான் வரும் என்று நினைக்கிறேன். திருத்தாதே. இரண்டாம் தடவை கூப்பிட விடாதே.

நன்றாக இரு, கண்ணு. நீ வரும்வரை எழுதுவேன். அடுத்த வாரம் வரிகள் கொஞ்சம் நேராக வரும்.

உன் அப்பா