எட்டுப் படியும் எட்டுக் கிலோவும்

அன்புள்ள பவுனக்கா,

இன்று காலையில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை. செத்துப்போன ஓரகத்திக்குக் கடிதம் எழுதுகிறவள் ஆரணியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உன் இரும்புப் படியை நேற்று உன் மகள் செல்வி கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா இத உங்கிட்டதான் குடுக்கணும்னு சொல்லிச்சி சித்தி" என்றாள். எனக்கு எதற்கு என்று புரியவில்லை. இன்று காய்ந்த மொச்சையை ஊறப்போட அதில்தான் தலைதட்டி அளந்தேன். சும்மா இருக்காமல், பட்டு நூல் நிறுக்கிற தராசில் அதைக் கொட்டிப் பார்த்தேன். ஒரு கிலோ இருநூற்று நாற்பது கிராம் காட்டியது.

தராசு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கொள்ளுப் பயறை அதே படியில் அளந்து போட்டேன். அது இன்னும் கனம். கால் கிலோ நூல் பொட்டலத்தை வைத்தேன், தராசு சரியாகத்தான் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், அக்கா.

என் மகள் வளைகாப்புக்குச் சமைக்க வந்த நீ மொச்சை எட்டுப் படி வாங்கச் சொன்னாய். நான் எட்டுக் கிலோ வாங்கி வந்தேன். இப்போதெல்லாம் கடையில் படி என்று கேட்டால் கிலோதானே கட்டித் தருகிறார்கள், இரண்டும் ஒன்று என்றே இருந்துவிட்டேன். நீ அளந்துவிட்டு, "ஆறரைகூட வர்லியேடி" என்றாய். "நான் எடை போட்டு வாங்கினு வந்தேன், எட்டு இருக்கும், போடுக்கா" என்று போய்விட்டேன்.

மூன்றாம் பந்தியில் குழம்பு தீர்ந்தது. வந்தவாசி சம்பந்தியம்மா எதிரிலேயே கேட்டேன்: "எட்டும் குண்டானுக்குப் போச்சா, உன் பைக்குப் போச்சா?" நீ கரண்டியைக் கழுவி வைத்தாய், சாப்பிடாமல் உன் ஊர் முள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினாய். அதன்பிறகு என் வீட்டு அடுப்பை நீ தொடவே இல்லை. பட்டு நூலை ஒரு கிராம் பிசகாமல் நிறுத்து வாங்குகிற எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

செல்விக்குப் போன் போட்டு அழுதேன். அவள் சொன்னதுதான் என்னை அடியோடு உலுக்கிவிட்டது. "அம்மாக்கு அன்னிக்கே தெரியும் சித்தி. பஸ்ல வந்துகினு இருக்கசொல்லோ சொல்லிச்சி. நீயே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். 'சம்பந்தி எதிர்ல அவ தலை குனிஞ்சிடும், வுடு'ன்னிச்சி."

திருடி என்று கேட்டவளுக்கா நீ மானம் காத்தாய்? இத்தனை வருஷம் அதை எப்படி அடக்கி வைத்திருந்தாய்? படியை என்னிடம் கொடுக்கச் சொன்னாயே, நானாகவே கண்டுபிடிக்கட்டும் என்றா?

அடுத்த மாதம் பேரனுக்குக் காதுகுத்து. வந்தவாசிக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். முதல் பந்திக்கு இலை போட்டதும் சம்பந்தியம்மா எதிரில் நின்று சொல்லப்போகிறேன்: எங்க அக்கா ஒரு கொட்டைகூட எடுக்கவில்லை, இரண்டு கிலோ குறைவாக வாங்கியவள் நான்.

குனியட்டும் அக்கா, என் தலை.

உன் ஓரகத்தி,
மல்லிகா