நட்சத்திரப் படத்தின் ஓரத்தில்

ஊரையே உட்கார வைத்துப் படம் பிடித்துவிட்டு, தான் மட்டும் ஒரு படத்துக்கும் உட்காராத என் பிரியமானவரே,

நம் காஜா பேராங் தெருவில் விளக்கு மறுபடி எரிகிறது. ஜப்பான்காரன் போய்விட்டான். நீங்கள் காத்துக் கிடந்த படம் கழுவும் மருந்து கடைக்கு வந்துவிட்டது. காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையும் வந்துவிட்டது. உங்களுக்குக் கிடைக்காதது இப்போது யாருக்கு வேண்டும்? அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும், விடுங்கள்.

கேமராவில் போட மிச்சமிருந்த ஒரே கண்ணாடித் தட்டுக்காக நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா?

"அதுல உங்கள ஒரு படம் எடுத்து வைங்க. பொண்ணு வளந்து பாக்க வேணாமா?" என்றேன்.

"என் மூஞ்சி எங்கடி ஓடிப் போவுது? விளக்கே இல்லாத இந்த வானம் திரும்பக் கெடைக்காது" என்றீர்கள். பாலைவனத்தில் யாரோ எடுத்த நட்சத்திரப் படத்தைப் பழைய பத்திரிகையில் பார்த்ததிலிருந்து உங்களுக்கு அந்தப் பித்து.

குண்டுக்குப் பயந்து ஊரே விளக்கணைத்துக் கிடந்தது. கொல்லையில் கேமராவை மேற்கு வானம் பார்க்க நிறுத்தி மூடியைத் திறந்தீர்கள். மூன்று மணி நேரம் அப்படியே விட்டால் நட்சத்திரம் நகர்வது கோடாக விழுமாம். காவல் இருக்கிறேன் என்று இருட்டில் அதற்கு முன்னால் ஓரமாகச் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டீர்கள். நல்ல காவல்! நான் விளக்கோடு வந்தபோது ஒரே குறட்டை.

"ஐயோ, விளக்க அணைடி! படமே போச்சு!" என்று அலறி எழுந்தீர்கள். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள், "விளக்கப் புடிச்சிக்கிட்டு ஏன் அவ்ளோ நேரம் நின்ன?" என்று கேட்டீர்கள். அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டேன். அந்த ராத்திரி உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வருஷங்களில் பயமில்லாமல் நீங்கள் தூங்கி அன்றுதான் பார்த்தேன். கட்டின புருஷனிடம் இதைச் சொல்ல என்ன வெட்கமோ எனக்கு.

போன வாரம் உங்கள் சிநேகிதர், ஸ்டூடியோ வைத்திருக்கும் சீன முதலாளி ஆ செங் தவுக்கே, அந்தத் தட்டைக் கழுவித் தந்தார். பத்திரிகைப் படத்தில் நட்சத்திரங்கள் வட்டம் வட்டமாகச் சுற்றுகின்றன என்பீர்களே, நம் வானத்தில் மழை மாதிரி நேராக இறங்குகின்றன. அது ஏன்? யாரைப் போய்க் கேட்பேன்?

கீழே ஓரத்தில், என் விளக்கு வெளிச்சத்தில், வாயைத் திறந்து தூங்கும் நீங்கள். நான் கெடுத்த படம். உலகத்தில் உங்களுக்கு இருப்பது இது ஒன்றுதான்.

கடையிலேயே அழுதேன், சிரித்தேன். முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தரட்டுமா, மாலை போடலாம் என்றார் தவுக்கே. வேண்டாம் என்றுவிட்டேன்.

உங்கள் வானத்தோடு முழுசாகத்தான் மாட்டுவேன், இது சத்தியம். மகள் அப்பா எங்கே என்றால் ஓரத்தைக் காட்டுவேன். அப்பாவைப் படம் எடுத்தது யார் என்றால், கூசாமல் நான்தான் என்பேன்.

விளக்கை அணைக்காமல் நின்ற உங்கள் மனைவி,
மரகதம்