உள்பக்கத் தாழ்ப்பாள்

அக்கா,

ஆமா, போனேன். "அந்தப் பாழடைஞ்ச பங்களாவுக்குள்ள உனக்கென்னடா வேலை"ன்னு கேட்டிருந்த. காலேஜை விட்டவனுக்கு வேற என்ன வேலை? திட்டாம படி.

அம்மா வேலை பார்த்த சமையலறை இடிஞ்சு கிடக்கு. ஆனா அதுக்குப் பின்னால அந்தச் சாமான் ரூம் அப்படியே இருக்கு. அம்மா உன்னை இருட்டுல அடைச்சு வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டாங்கன்னு இத்தனை வருஷமா சொல்றியே, அதே ரூம்.

கதவை நல்லா பார்த்தேன். வெளிப்பக்கம் கொண்டியும் இல்ல, ஆணி அடிச்ச ஓட்டையும் இல்ல. உள்பக்கம் மூணு தாழ்ப்பாள். ஒண்ணு அந்த வீட்டோடது. மத்த ரெண்டும் பின்னால அடிச்சது. ஆணியெல்லாம் நம்ம வீட்டுல அம்மா அடிச்ச காலண்டர் ஆணி மாதிரியே கோணல். மேல இருக்கறதை நானே எட்டித்தான் தொட்டேன். அஞ்சு வயசுல நீ போட்டிருக்க முடியாது.

அம்மா வாயை வேற பொத்தினாங்கன்னு சொல்லுவ. வெளியில நின்னா அந்தக் கை எப்படிக்கா உன் வாய்க்கு எட்டும்?

அப்புறம் மாடிக்குப் போனேன். முதலாளி ரூம்ல கூரை விழுந்து, அந்தாளு படுத்த கட்டிலுக்கு நடுவுல மரம் முளைச்சிருக்கு. நல்லா வளரட்டும்.

அம்மாகிட்ட கேட்டேன். "ஆஸ்பத்திரியில பேசற பேச்சாடா இது?"ன்னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. அந்தப் பக்கம் பார்த்தபடியே, "அவ நல்லா தூங்கறாளாமா?"ன்னாங்க.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். வரமாட்டேன்னு எழுதியிருந்த. இப்பவும் அதேதானா?

நர்ஸ் கூப்பிடறாங்க, நான் போகணும்.

உன் தம்பி